டிக்கிக்குள் ஒரு டேங்க்

என் பழைய காரின் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகியது. அதே அளவில் வேறு கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து டிக்கிக்குள் வைக்கச் சொல்லி அருப்புக்கோட்டை வெல்டர் ஒருவரிடம் விட்டேன். புருவம் கருகிய, ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் தறிக்கழிவு நூலில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகே பதில் சொல்வார். என் ஊர் திருச்சுழியிலிருந்து நாலு தடவை பஸ்ஸில் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஐந்தாம் தடவை கத்திவிட்டேன்.

அவர் நிதானமாகத் துடைத்துவிட்டுக் கேட்டார். "பின் சீட்டுல யாரு உக்காருவா?"

"என் மக."

"அப்ப நான் வைக்க மாட்டேன் சார். பின்னாடி எவனாச்சும் மோதுனா பெட்ரோலு பிள்ள மேலதான் கொட்டும்."

"இத மொத நாளே சொல்ல வேண்டியதுதானே?"

"வேற எடம் தோதுப்படுமான்னு பாத்தேன். படல."

எரிச்சலோடு காரை விருதுநகருக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒரே நாளில் டிக்கிக்குள் வைத்துவிட்டார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் மகள் பின் கதவைத் திறந்தால், "முன்னாடி வா" என்கிறேன். அந்த மனிதர் மேல் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.