மதாம் ஒதெத் வீட்டு வடம்

தவரத்தினம் அண்ணையின் பனிமலைக் கதையை எடுத்தால் பாரிசில் நம்மவர்கள் கூடுகிற லா சப்பலில் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மனிதர் பனியில் குப்புற இழுபட்டுப் போனதை நம்மவர்களில் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர்மேல் வந்த மதிப்பு இன்னும் குறையவில்லை.

அளவெட்டியிலிருந்து 2009 கடைசியில் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர். நான் வேலை செய்த சாப்பாட்டுக்கடைக் குசினியில்தான் அவருக்கும் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. பேச்சுக் குறைவு. ஒன்றைப் பிடித்தால் மட்டும் விடமாட்டார். ஓகஸ்டில் ரூ பஜோல் தெருப் பிள்ளையாருக்குத் தேர் நடக்கும்போது எங்களில் பலர் வடத்தைத் தொட்டு, அதைக் கைபேசியில் ஒரு படமும் எடுத்துவிட்டு, மெல்லக் கழன்று மோர்ப் பந்தலடிக்குப் போய்விடுவோம். அவர் தேர் இருப்புக்கு வரும்வரை பிடித்த இடத்திலேயே நிற்பார்.

கடை மூடப்பட்டபோது அவருக்கு அல்ப்ஸ் மலையில் மோன்கிரீவ் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு விடுதிக் குசினி வேலை சரிவந்தது. பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்குச் சமைக்கிற வேலை. பனிக்காலம் முழுக்க அங்கே, பனி உருகினால் இங்கே. விடுதிக்காரி மதாம் ஒதெத், எண்பது தாண்டிய விதவை. ஊரில் வாய்க்காரி என்று பெயர். அண்ணை ஒருநாள் அவருடைய சூப்பில் கொஞ்சம் மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டார். அம்மையார் இருமி, தண்ணீர் குடித்து, வாயில் வந்தபடி ஏசினார். அடுத்த நாள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தச் சிவப்புத் தூள் எங்கே?" என்று கேட்டாராம். பாரிசுக்குப் பக்கத்தில் பியர்ஃபித்தில் இருக்கிற அண்ணையின் மனைவி வள்ளிநாயகி அக்கா, "இவருக்கு அங்கை இன்னொரு மாமியார் வாய்ச்சிட்டா. இஞ்சை இருந்த என்ரை அம்மாவுக்கு ஒருநாளும் இப்பிடிச் சமைச்சுக் குடுக்கேல்லை" என்று பகிடி பண்ணுவா.

மோன்கிரீவில் பனிக்காலம் முடிகிற தறுவாயில் ஒரு விழா நடக்கும். சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றுகிற இழுவைக் கம்பிகள் வருவதற்கு முந்திய காலத்தில் அந்த ஊர் இளைஞர்கள் பெரியதொரு மரச் சறுக்குவண்டியில் ஏறிப் பக்கத்து ஊரோடு பந்தயம் விடுவார்களாம். அந்த வண்டி இன்னும் இருக்கிறது. விழாவன்று முன்னோர்களின் மரப் பனிச்சறுக்குக் கட்டைகளை அதில் அடுக்கி, மேல் மேட்டிலிருந்து கிறிஸ்தவக் கோயில் முற்றம்வரை இறக்குவார்கள். வண்டி பாய்ந்து போகாமல் பின்னால் வடங்களைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டும். வடம் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டு ஆள்தான் பிடிக்கலாம். பாதி வழியில் கை விட்டால் அந்த வீட்டின் வடத்தை அவிழ்த்துவிடுவார்கள். பிறகு எந்தக் காலத்திலும் கட்டமாட்டார்கள்.

மதாம் ஒதெத்தின் வடத்தை அவருடைய தங்கை மகன் பிடித்து வந்தான். 2018இல் அவன் கனடாவுக்குப் போய்விட்டான். கனடாவுக்கு ஓடுவது நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். வடம் பிடிக்க ஆளில்லை என்றானதும் மதாம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "எங்கள் வடத்தைத் தவா பிடிப்பான்" என்று சொல்லிவிட்டார்.

வண்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் ரேமோன். இழுவைக் கம்பிகளைப் பார்க்கிறவர், கறார் பேர்வழி. "சம்பளத்துக்கு வந்தவர் எப்படி வீட்டு ஆள் ஆவார்?" என்று கேட்டார்.

"என் கூரையின் கீழே தூங்குகிறான். என் மேசையில் சாப்பிடுகிறான். உன் மகன் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்?" என்றார் மதாம்.

ரேமோனின் முகம் சிவந்துபோனது. "சரி. ஆனால் கை விட்டால் வடம் போய்விடும். யாருக்காகவும் விதியை மாற்றமாட்டேன்" என்றார்.

அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வாவன். எனக்குப் பயமாக் கிடக்கு."

"விழுந்திடுவன் எண்டோ?"

"விழுந்தால் எழும்பலாம். அந்தக் கிழவியின்ரை வீட்டுப் பேர் என்ரை கையிலையெல்லே கிடக்கு."

பனியை ரசிக்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மேட்டில் ஊரே திரண்டு நின்றது. பழைய கம்பளிச் சட்டைகளும் தொப்பிகளும் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தன. வண்டிக்கு ஊசியிலைக் கொப்புகள் கட்டியிருந்தார்கள். வடம் பிடிக்கிறவர்கள் குதியில் ஆணி வைத்த சப்பாத்துகளோடு வரிசையாக நின்றார்கள். மதாம் அண்ணைக்குத் தன் கணவரின் சப்பாத்தைக் கொடுத்திருந்தார். பாதிரியார் வந்து செபம் சொல்லி, வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். கீழே கோயில் மணி அடித்தது.

அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றினார்.

"அண்ணை, என்ன விசர் வேலை பாக்கிறியள்? சப்பாத்தைப் போடுங்கோ!" என்று கத்தினேன்.

"தீர்த்தம் தெளிச்சாச்சு. இனிச் சப்பாத்தோடை வடம் பிடிக்கிறதே?" என்றார், என்னைத்தான் விசரன் என்று நினைத்தவர்போல. பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

எங்கள் தேரை முன்னால் நின்று இழுப்பது வழக்கம். இதைப் பின்னால் நின்று மறிக்க வேண்டும், குதியைப் பனியில் ஊன்றி ஊன்றி. வெறுங்காலால் எதை ஊன்றுவது? முதல் வளைவிலேயே அண்ணை வழுக்கிக் குப்புற விழுந்தார். வண்டி அவரை இழுத்துக்கொண்டு போனது. பனி அவருடைய வாய்க்குள்ளும் சட்டைக்குள்ளும் போனது. சனம் "விடு! விடு!" என்று பிரெஞ்சில் கத்தியது. விதியை மாற்றமாட்டேன் என்ற ரேமோனே "விட்டுவிடு மனிதா!" என்று கத்தினார். அண்ணைக்கு அது விளங்காமல் இல்லை. ஊரில் தேருக்குப் பின்னால் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று பார்த்ததுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் விழுந்தெழும்பி ஓடினேன். அவர் செத்துப்போவார் என்றே பயந்தேன்.

கோயில் முற்றத்தில் வண்டி நின்றது. அண்ணை அப்படியே கிடந்தார். மீசை முழுக்கப் பனி. கால்கள் அவித்த நண்டுபோலச் சிவந்திருந்தன. நான் என் சால்வையைக் கழற்றி அவற்றில் சுற்றினேன். ரேமோன் வந்து முழங்காலில் நின்று, அவருடைய கைகளைப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து, வடத்தில் இரத்தம் பட்டிருந்தது.

"கை விடவில்லை," என்று ரேமோன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "வடம் அந்த வீட்டுக்குத்தான்."

முற்றம் அதிரக் கைதட்டினார்கள். "முடிந்தது, விடுங்கள்" என்று ரேமோன் தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணை விடவில்லை. ரேமோன் விரலைப் பிரிக்கப் பார்த்தார். பிடி இன்னும் இறுகியது.

"தம்பி," என்றார் அண்ணை, பல் கிடுகிடுக்க. "இப்ப விட்டால் பிறகு வில்லங்கம் ஒண்டும் வராதோ? வடிவாக் கேட்டுச் சொல்லு."

நான் ரேமோனிடம் கேட்கத் திரும்பினேன். அதற்குள் மதாம் ஒதெத் பொல்லை ஊன்றிக்கொண்டு சனத்தை விலக்கி வந்தார். முதலில் அந்தக் கால்களைப் பார்த்து, கோயில் வாசல் என்றும் பாராமல் ஏசித் தீர்த்தார். பிறகு குனிந்து, அண்ணையின் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"விடு, தவா," என்றார். "எழும்பு, எங்கள் வீட்டுக்குப் போவோம்."

அதற்குப் பிறகுதான் அண்ணை வடத்தை விட்டார்.