மாமாவின் ஆங்கிலக் கசெற்

அம்மாவின் தம்பியான என் மாமா எதையும் இரவல் கொடுப்பார், அந்த ஒரு கசெற்றைத் தவிர. அறுபதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்த ஓர் ஆங்கிலப் பாட்டுக் குழு, பேரெடுக்குமுன் பாடிப் பதிந்தவை அதில் இருந்தன. பாதியில் பிழைவிட்டுச் சிரிப்பார்கள், மறுபடி தொடங்குவார்கள். அந்தப் பிழைகளுக்காகவே மாமா உயிரை விடுவார். கொழும்பில் சிநேகிதரின் இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதி அது. இசைத்தட்டோ கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனது. மேலே வேறெதையும் எவரும் பதிந்துவிடாதபடி, கசெற்றின் இரண்டு மூலைத் தகடுகளையும் மாமாவே உடைத்து வைத்திருந்தார்.

அப்போது சண்டைக்காலம், எங்கள் ஊரான அரியாலையில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் ரேப் ரெக்கோடர் ஓடும். கை சோர்ந்தால் பாடுகிறவர்களுக்கும் சோர்வு வந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயது. லண்டனில் இருந்த அப்பாவுக்குக் குரலைப் பதிந்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். மறுநாள் காலை கொழும்புக்குப் போகிற ஒருவர் கொண்டுபோகச் சம்மதித்திருந்தார். கடைகளில் வெறுங் கசெற் ஒன்றுகூட இல்லை. அப்பா அம்மாவின் குரலைக் கேட்டு ஒரு வருடமாகிவிட்டது. அம்மா அடுப்படியில் அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் கசெற்றை எடுத்து, லேபிளை உரித்து, மறுபடி பதியக்கூடியதாக மூலை ஓட்டைகளில் கடதாசியைத் திணித்தேன். சிநேகிதி தந்தாள் என்று அம்மாவிடம் புளுகினேன்.

பின்னேரம் பெடல் சுற்ற வந்தவர் மாமா. கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை தந்தது?”

“சிநேகிதி.”

“ம்,” என்று மூலைக் கடதாசியைப் பெருவிரலால் நன்றாக அழுத்திவிட்டு, அதை உள்ளே போட்டார்.

“இஞ்சருங்கோ, நாங்கள் எல்லாரும் சுகம்,” என்று அம்மா தொடங்கினார். மாமா சுற்றச் சுற்ற அவருடைய பாட்டுகள் அவர் கையாலேயே அழிந்துகொண்டிருந்தன. சொன்னால் அம்மா நிறுத்திவிடுவார், சொல்லாவிட்டால் மாமாவின் பாட்டு போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தேன்.

கடைசியில் அம்மா களைத்துப்போய், “காணும் தம்பி, நிப்பாட்டு,” என்றார். 

“இல்லை அக்கா, கதையுங்கோ.” வேர்த்து ஒழுகியும் மாமா பெடலை விடவில்லை. “உந்தப் பக்கத்திலை இன்னும் ரெண்டு பாட்டுக்கு இடம் கிடக்கு.”

அம்மா மறுபடி பேசினார். மாமா ஒன்றையும் கண்டுபிடிக்காதபடி என்னைக் காப்பாற்றியதற்காக, படுக்கப் போகுமுன் நான் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஜெபித்தேன்.