பிஸ்டனும் ஒரு திட்டும்

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதெல்லாம் ஒரு குறையா என்று தோன்றும். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபிறகு அவர் வாயிலிருந்து வந்தது ‘ம்’ மட்டும்தான். காபி வேணுமா, ம். கை வலிக்குதா, ம். முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நானும் சும்மா விடமாட்டேன், பதிலுக்குப் பதில் கொடுப்பேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் மிக்ஸி சத்தம்தான் பெரிய சத்தம்.

தாம்பரத்திலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். ஆப்பிள், பூனை, குடை என்று படம் படமாகக் காட்டுவாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அறுபது தாண்டிய மனுஷனிடம் பூனையைக் காட்டினால் வேறு என்ன செய்வார்? கடைசியில் அவளே அலுத்துப்போய், சாருக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அதைக் கண்முன்னால் வையுங்கள், பேச்சு வந்தாலும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிடித்தது என்றால் நான் இல்லை, டிராக்டர். கூடுவாஞ்சேரியில் எங்கள் நிலமெல்லாம் மனை மனையாகப் போனபோதும் அதை மட்டும் விற்கமாட்டேன் என்று நின்றார். எங்கள் கல்யாணத்தின்போதே பழசாகிவிட்ட வண்டி அது. உழுவதற்கு ஒரு சாண் நிலம் கிடையாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்பேனரோடு அதன் பக்கத்தில்தான் கிடப்பார். நோய் வந்து விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எஞ்சினை மொத்தமாகப் பிரித்திருந்தார். பாகங்களெல்லாம் கார் ஷெட்டில் சாக்கு மேல் அப்படியே கிடந்தன. அதைச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வண்டலூர் பக்கத்து லாரி மெக்கானிக் ஒருவர் ஞாயிறு மட்டும் வர ஒப்புக்கொண்டார். கழுவுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் டப்பில் டீசலை ஊற்றி, ஒவ்வொன்றாக முக்கி, பிரஷ்ஷால் தேய்த்தேன். பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளங்களில் கரி கல்லாக இறுகியிருந்தது. அதை உடைந்த பழைய ரிங் துண்டால்தான் சுரண்டவேண்டும், அந்தப் பள்ளத்துக்கு அதுதான் அளவாக நுழையும். எதிரிலேயே இவருக்கு நாற்காலி போட்டிருந்தேன். இது சரியா, இவ்வளவு போதுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எல்லாவற்றுக்கும் ம். ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல், ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று கத்திவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதேன். அவர் இல்லாமல் போயிருந்தால் ஏங்குவதில் அர்த்தம் உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்காக ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த வாரம் மெக்கானிக் ஏதோ ஒரு கேஸ்கெட் வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனார். புது ரிங்குகள் பிரித்துவைத்தபடி இருந்தன. இவர் மாட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேனே என்று நானே எடுத்து மாட்டினேன். ஒவ்வொரு ரிங்கிலும் ஓர் இடத்தில் வெட்டு இருக்கும். அந்த வெட்டுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்வது போல எல்லாவற்றையும் நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பெருமையோடு அவரிடம் தூக்கிக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. இடது கை நாற்காலியின் கைப்பிடியைத் தட்டியது. வாய் கோணிக்கொண்டு எதையோ தள்ளியது.

“தப்புடி… லூசு.”

நான் பிஸ்டனோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக அந்த வார்த்தைக்காக அவரோடு சண்டை போட்டவள் நான். என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் இடது கை விரலைச் சுழற்றிக் காட்டி, “லூசு” என்றார், இந்தத் தடவை இன்னும் தெளிவாக. மெக்கானிக் திரும்பி வந்து, பிஸ்டன் காலில் விழுந்துவிட்டதா என்று பதறினார். பிறகு, வெட்டெல்லாம் ஒரே வரிசையில் நின்றால் அந்த வழியாகவே காற்று இறங்கி எஞ்சின் புகைந்துவிடும் என்று சொல்லி, ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் கையால் ஏதாவது தப்பு நடந்தது. வாஷரை விட்டுவிட்டு போல்ட்டை முறுக்கினேன், “ஏய், வாஷர்” கிடைத்தது. ஆயிலைக் கீழே கொட்டினேன், “கண்ணு இல்ல?” கிடைத்தது. ஆசைப்பட்டு ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு குழாயைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனுஷனுக்குப் பேச்சுதான் போயிருந்தது, விவரம் எங்கேயும் போகவில்லை.

போன ஞாயிறு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தோம். இரண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நான் பக்கத்தில் போய், எப்படிங்க இருக்கு என்றேன்.

“ம்.”

மறுபடியும் பழைய ம். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இன்னாக்கா, சோக்கா ஓடிகினு கீது. ஒரு கொறையும் இல்ல.”

“கழட்டிடுங்க தம்பி” என்றேன். “இந்தத் தடவை எல்லாத்தையும் நானே மாட்டுறேன்.”