முதலிலேயே முடிந்துவிடும் சிம்பொனி

பேத்தியின் செல்போனில் அந்தச் சிம்பொனி தொடங்கியதுமே, இப்போது இல்லாத எங்கள் செல்லூர் வீட்டு மாடியறையும், தறிகளின் சடக் சடக்கும், தெருவில் காயும் பாவு நூலிலிருந்து ஏறிவரும் கஞ்சி வாடையும் வந்துவிட்டன.

சீமைக்குத் திரும்பிய மில் துரை ஒருவர், தன் மில்லில் வேலைபார்த்த சித்தப்பாவிடம், ஒரே சிம்பொனியை இரண்டு குழுக்கள் வாசித்த இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிறுதோறும் அப்பாவும் சித்தப்பாவும் அவற்றை மாற்றி மாற்றிக் கிராமபோனில் வைத்து, எது உசத்தி என்று காபி ஆறிப்போகும்வரை வாதாடுவார்கள். அப்பாவுக்குப் பிடித்த பெட்டி ஒழுங்காகப் போகும். சித்தப்பாவின் பெட்டியிலோ, முதல் தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிடத்தில் முடிந்து, அதைத் திருப்பிப் போட்டதுமே முரசும் எக்காளமுமாகக் கடைசி முழக்கம் வந்துவிடும், நான் பாயிலிருந்து துள்ளி எழுவேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"தாலியக் கட்டிட்டுல்ல பொண்ணு பாக்கப் போறாக," என்று அம்மா சிரிப்பாள்.

"அதுக்குத்தான் மதினி தைரியம் வேணும்," என்பார் சித்தப்பா.

"ஒன் ஆளுதான்டா கெட்டிக்காரன்," என்று ஒருநாள் அப்பாவே ஒப்புக்கொண்டார். சித்தப்பா தன் அண்ணனை ஜெயித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

அது தானாகத் தட்டு மாற்றும் இயந்திரத்துக்கென்று செய்த பெட்டி என்பதும், எல்லாத் தட்டுகளின் முன்பக்கமும் முடிந்த பிறகே கடைசித் தட்டிலிருந்து தொடங்கிப் பின்பக்கங்களைப் போடவேண்டும், முதல் தட்டின் பின்பக்கம்தான் முடிவு என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

செல்போனில் நாலு நிமிடம் ஆனதும் முழக்கத்துக்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவில்லை.

"எப்படி இருக்கு தாத்தா?" என்றாள் பேத்தி.

"இவுகளுக்குச் சரியா வாசிக்கத் தெரியல தாயி."