கை நனைத்த ஒப்பந்தம்

வடை பாயசத்தோடு ஒரு வேளை சாப்பாடு போட்டு ஒரு ஹாக்கி டீமையே வளைத்துப் போட முடியும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த டீமுக்கு நான்தான் கேப்டன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டிவனத்தில் பெண்கள் ஹாக்கி டீம் இருந்தது என்றால் திண்டிவனத்துக்காரர்களே நம்ப மாட்டார்கள். இருந்தது. பதினாறு பேர். எனக்கு இருபது வயது, மற்றவர்கள் எல்லாம் பதினாறு, பதினேழு. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பி.டி. மாஸ்டர் மாற்றலாகிப் போன பிறகு ஸ்டிக்குக்குத் துணி சுற்றுவதிலிருந்து பஸ்ஸுக்கு ஆள் கூட்டுவது வரை எல்லாம் என் தலையில் விழுந்தது. மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒருத்தி வருவாள். பதினேழு வயது, முன்வரிசையில் லெஃப்ட் இன் ஆடுவாள். பந்து அவள் ஸ்டிக்குக்கு வந்துவிட்டால் எதிர் டீம் கோல்கீப்பர் பாவம். அவள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆலைக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள்.

ஆலை விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் என் வாய்தான் நாறும். அதன் மேனேஜர் மைதானத்துக்கே வந்து சொன்னார். கம்பெனிக்கு ஒரு பெண்கள் டீம் வேண்டும், பதினாறு பேரையும் எடுத்துக்கொள்கிறோம், ஒரு வருஷம் ஆடினால் வேலை நிரந்தரம். நிரந்தரம் என்ற வார்த்தையை நாலு தடவை சொன்னார். குப்பத்துப் பெண்ணுக்கு அப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா ஒரே ஒரு வாக்குக் கொடுத்தார். "வேல நெலையா கெடச்சா கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன். நீ ஆடு." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் ஆட்டமே இருந்தது.

வயது குறைந்தவர்களுக்கு அப்பாக்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். குறித்த நாளில் ஆலை வாசலில் அப்பாக்கள் எல்லாரும் வெளுத்த வேட்டியில் வந்து நின்றார்கள். என் அப்பா கிளியனூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிறவர். அவர் கையில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும்.

"இன்னாத்துக்குப்பா தட்டு? சம்பந்தமா பேசப் போறோம்?" என்றேன்.

"பொண்ணுங்கள ஒரு எடத்துல வுடப் போறோம். வெறுங்கைய வீசிக்கினா போவாங்க?" என்றார்.

நான் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி எடுத்துப் போயிருந்தேன். நிரந்தரம் என்று எழுதித் தருவீர்களா, அடிபட்டால் யார் பார்ப்பார்கள், படிக்கிறவர்கள் பரீட்சை எழுத விடுவீர்களா. நோட்டைப் பிரித்தேன். மேனேஜர் என் தோளுக்கு மேலாக அப்பாக்களைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் பேசலாம். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல சாப்பிடுங்க."

விருந்தினர் விடுதியில் இலை போட்டிருந்தது. சாம்பார், இரண்டு பொரியல், வடை, பாயசம். மேனேஜரே குனிந்து நெய் ஊற்றினார். பேன்ட் போட்ட ஆபீசர் ஒருவர் தங்களுக்குப் பரிமாறுவதை அப்பாக்கள் அதுவரை பார்த்ததில்லை. கூச்சத்தோடு நிறையவே சாப்பிட்டார்கள்.

இலை எடுத்த பிறகு பேப்பர் வந்தது. மூன்று பக்கம் இங்கிலீஷ். அங்கே காலேஜ் வாசல் மிதித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தடவித் தடவிப் படித்தேன். பதினோரு மாதம் என்றிருந்தது. அதற்குப் பிறகு கம்பெனி இஷ்டம். அடிபட்டு ஆட முடியாமல் போனால் அன்றோடு சரி. நிரந்தரம் என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன், எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா" என்றார் மேனேஜர்.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன் அப்பாக்களிடம். "நிரந்தரம்னு எழுதித் தரட்டும், அப்புறம் போடலாம்."

குப்பத்துப் பெண்ணின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதெப்படிம்மா? கை நனைச்சிட்டமே."

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க, எடுக்கப் பேசப் போனால் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு மேல் குறை பேசினால் மானக்கேடு. புயல் எச்சரிக்கையைக்கூட மதிக்காமல் கடலுக்குப் போகிற மனுஷன், ஒரு இலைச் சோற்றுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா என்னை அடக்கினார். "கம்முனு கெட. சாப்ட்ட எடத்துல வம்பு பண்ணிக்கினு."

மேனேஜர் ஒன்றும் வடக்கேயிருந்து வந்தவர் இல்லை. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஆள். கை நனைப்பது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் முதலில் இலை போட்டார். தன் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் அவர் இப்படிச் சாப்பிட்டிருப்பாரா? பதினாறு பேருக்கும் கையெழுத்தானது. நானும் போட்டேன். பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தவள் நான். அந்தக் கோபம் மட்டும் யார் மேலும் காட்ட முடியாத கோபம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆலையில் குப்பத்துப் பெண் ஆடிய மாதிரி அதற்கு முன் அவள் ஆடியதில்லை. நல்ல ஸ்டிக், நல்ல ஷூ, தினமும் முட்டை. வெளியூர்ப் போட்டிகளில் அவளைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ஒன்பதாவது மாதம் ஓர் ஆட்டத்தில் அவள் முழங்கால் திரும்பிக்கொண்டது. அந்த வாரமே வேலை முடிந்தது என்று கடிதம் வந்தது. நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காபி சாப்பிடறியாம்மா?" என்றார். அடப்பாவி. வாசலில் வந்துதான் துப்பினேன், உள்ளே துப்பத் தைரியம் வரவில்லை. பதினோரு மாதம் முடிந்ததும் எங்கள் எல்லாருக்கும் கடிதம் வந்தது. அடுத்த முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

சில வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவளிடமிருந்து போன். "அக்கா, என் பொண்ணையும் ஹாக்கி ஆட ஒரு கம்பெனில கேக்கறாங்க. நீ வந்து பேப்பர படிச்சுச் சொல்லு." அவள் அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேறு கம்பெனி, வேறு ஆள், சின்ன வயசுப் பையன். நாங்கள் உட்காருவதற்குள் இலை வந்துவிட்டது. மகள் வடைக்குக் கை நீட்டினாள்.

"கைய எடு" என்றாள் இவள். "பேப்பர் மொதல்ல."

படித்தேன். பதினோரு மாதம். ஒரு வரி மாறவில்லை. நிரந்தரம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றான். இவள் காலை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எல போட்டாச்சு, சாப்பிட்டாவது போங்க மேடம்."

"எங்கப்பா சாப்ட்டதே எனக்கு இன்னும் செரிக்கல சார்."

எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோதும் அந்தத் தெம்பிலேயே இருந்தேன். மகள் எங்களிடமிருந்து பத்தடி தள்ளி, ஸ்டிக் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இவள் கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். மகள் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ ஒம்போது மாசமாவது ஆடுன இல்லம்மா" என்றாள்.

திண்டிவனம் பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறித் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம்.