குட்டி பஸ் குளித்த தண்ணீர்

என் கணவர் சிவதர்ஷன் பகலில் நாவற்குடாவில் ஒரு கராஜில் ஓட்டோக்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். வாகனம் மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உலோகத்தில் வார்த்த குட்டி லொறி, குட்டி ட்ரக்டர் எல்லாம் வெறும் உலோகமாகவே வாங்கி வருவார். நான் கண்ணுக்கு மை தீட்டும் தூரிகைகூட இப்போது அவர் டப்பாவில்தான் கிடக்கிறது. பொறுமையான மனிசன் என்று ஊர் சொல்லும். குப்பையை வெளியே வைக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

என் அப்பா நல்லரத்தினம் பதுளைக்கு பஸ் ஓட்டியவர். நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் கை நனைத்ததில்லை. பேத்தியைப் பார்க்க வருவார். முற்றத்தில் நின்றபடியே போய்விடுவார். எனக்கு அழுகையும் வரும், கோபமும் வரும். அவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும் இவர் ஒரு குட்டி பஸ்சை எடுத்தார்.

"மாமாட பஸ் மாதிரியே செய்யப்போறன். இதையாவது நம்மட கையால வாங்குறாரா பாப்பம்."

சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, மேலே சிவப்பும் பூசினார். சில நாளில் பெயின்ற் வேர்க்குருபோலப் பொங்கியது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் வேர்க்குரு. பிரைமரை மாற்றினார், தூரிகையை மாற்றினார். அப்படி என்னதான் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்று எனக்கே ஆவல் பிடித்துக்கொண்டது.

அடுத்த தரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கிணற்றில் அள்ளிய வாளிக்குள் பஸ்சை முக்கினார். வாவிக்கரைக் கிணறு, உவர்த் தண்ணீர். அதில் தேநீர் போட்டால் முதல் மிடறிலேயே முகத்தைச் சுளிப்பவர் இவர்.

"தேத்தண்ணிக்கு மட்டும் குழாய்த் தண்ணி, பஸ்சுக்கு உப்புத் தண்ணியா?" என்றேன்.

மனிதர் சிரித்த சிரிப்பில் பஸ் கைநழுவி வாளிக்குள்ளேயே விழுந்தது.

குழாய்த் தண்ணீரில் கழுவிய பஸ்சில் உப்புப் படியவில்லை, பெயின்ற்றும் பொங்கவேயில்லை.

அப்பா வந்தார். முற்றத்தில் நின்றபடி பஸ்சை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையை விரலால் தடவினார்.

"கிணத்துத் தண்ணியில கழுவிக் கழுவியே என்ட பஸ் முழுக்கக் கொப்புளம். இதுல ஒண்டையும் காணல்லியே. எந்தத் தண்ணியில கழுவின மருமகன்?"

அதுவரை இவரை 'அந்தப் பொடியன்' என்றே சொல்லி வந்தவர்.

"குழாய்த் தண்ணி, மாமா."

அப்பா செருப்பைக் கழற்றினார்.

"அதுல எனக்கும் ஒரு தேத்தண்ணி போடு, மகள்."