சூடு ஏறாத வண்டி

காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் எங்கள் ஊரில் அதைப் பற்றி அதிகம் பேசினார்கள். பெட்ரோல் டேங்கில் மூன்று பாச்சா உருண்டை போட்டால் மைலேஜ் கூடும் என்றார் ஒருவர். விடியுமுன் பெட்ரோல் போட்டால் அளவு கூடுதலாக விழும் என்றார் இன்னொருவர். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுவதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர். இவற்றில் ஒன்றையும் நான் நம்பியதில்லை. நான் நம்பியது வேறொன்று. அதனால் கெட்டது இன்னொருவன் பெயர்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி முதலாளியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவரிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் போட்டது என்று தனியாக ஒரு நோட்டில் எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். ஆறு வருஷமாக அதே டிரைவர், அதே பத்து.

ஒரு சித்திரை மாதத் தொடக்கத்தில், மேலநீலிதநல்லூர் தாண்டி கார் கொதித்து நின்றுவிட்டது. முதலாளியின் வெள்ளை வேட்டியில் துருத் தண்ணீர் தெறித்தது. மறுநாள் நானும் டிரைவரும் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் தளர்ந்துபோன ஃபேன் பெல்ட்டை மாற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எஞ்சினில் தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தைக் கழற்றி, கைக்கடிகாரம் அளவில் ஒரு பித்தளைச் சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“தெர்மோஸ்டாட் அண்ணாச்சி. எஞ்சின் சூடாகுத வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாது. வெள்ளக்காரன் அவன் ஊரு பனிக்கு வச்சது. நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?”

“எதுக்கு? எடுத்துரும்வே,” என்றேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தில் முதல் மார்க் வாங்கியவன் நான்.

டிரைவர் மட்டும், “இருந்த சாமான் இருந்துட்டுப் போட்டுமே,” என்றான்.

“ஓட்டுதவனுக்கு ஸ்டியரிங் போதும்ல,” என்றார் மெக்கானிக். நான் சிரித்தேன்.

அதன்பின் கார் கொதிக்கவே இல்லை. அது புது பெல்ட்டின் வேலை. அந்தச் சாமானை எடுத்ததால்தான் என்று நான் மூன்று பேரிடமாவது பெருமை பேசியிருப்பேன். ஆனால் நோட்டில் பத்து எட்டாக இறங்கியது. இரண்டு வாரம் பார்த்தேன். நான்காவது வாரமும் எட்டு. என் கூட்டலில் பிழை இல்லை. நோட்டை முதலாளியின் மேஜையில் விரித்து வைத்தேன்.

முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார். “ஏலே, டேங்க்ல ஓட்டையா, இல்ல உன் வாயில டியூப்பா?”

“சத்தியமா நான் தொடல மொதலாளி. வண்டி முன்ன மாதிரி சூடு ஏறமாட்டேங்கு. சோக்க இழுத்து இழுத்துத்தான் ஓட்டுதேன். அதுல பெட்ரோல் கூடக் குடிக்கு.”

முதலாளி என்னைப் பார்த்தார். “கேட்டீராவே? சங்கரன்கோவில்ல, அக்கினி நட்சத்திரத்துல, சூடு ஏறலயாம்!”

தறிக்கூடத்து வாசலில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். டிரைவர் என் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, அந்தச் சாமான எடுத்த பெறவுதான் இப்பிடி. நீங்களும் நின்னீங்கல்லா? சொல்லுங்களேன்.”

“நான் அளந்தத எழுதியிருக்கேன். வேற எனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

அவன் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டே நாளில் கார் ஸ்டாண்டில் அவனுக்கு ‘உறிஞ்சி’ என்று பெயர் விழுந்துவிட்டது. டியூப்பை வாயில் வைத்து முதலாளி வீட்டுப் பெட்ரோலை உறிஞ்சி எடுப்பவன் என்று அர்த்தம். அந்தப் பெயர் வந்தபிறகு ஊரில் ஒருவரும் அவனிடம் வண்டி கொடுக்கவில்லை.

புது டிரைவர் வந்தார். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். முதல் வாரம் எட்டு. இரண்டாவது வாரமும் எட்டு. பூட்டு அப்படியே இருந்தது. அன்றுதான் நோட்டைப் பின்னால் புரட்டினேன். பத்து எட்டானது ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி வந்த நாளிலிருந்து. அந்தப் பக்கத்தை நான்கு முறை கூட்டியிருக்கிறேன். ஒருமுறைகூடத் தேதியைப் பார்க்கவில்லை.

மெக்கானிக்கின் ஆணி டப்பாவுக்குள் அந்தச் சாமான் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து அதில் போட்டேன். “இனி பித்தளையையும் வேகவச்சுத் திங்கணுமாக்கும்,” என்றாள் என் மனைவி. தண்ணீர் நன்றாகச் சூடேறியதும் அது மெல்ல வாயைத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டேன், மூடிக்கொண்டது. ஒரு குறையும் இல்லை. அது இல்லாததால்தான் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரில் ஆறி ஆறி வந்து, எஞ்சினைச் சூடேற விடாமல் பெட்ரோலைக் குடிக்கவைத்திருக்கிறது. எங்கள் வெயில் எஞ்சினுக்குள் போய்ச் சூடேற்றும் என்று நினைத்தவன்தான் முட்டாள்.

அதைத் திரும்ப மாட்டச் செய்தேன். ஒரு வாரத்தில் பத்து. முதலாளியிடம் சொன்னேன்.

“பத்து வருதுல்லா, விடும். இப்பப் போயி அவன்ட்ட நான் என்னத்தச் சொல்ல? நீரும் வெளிய சொல்லிட்டுத் திரியாதேயும்.”

புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் அவன் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தோளில் மூட்டையோடு நின்று கேட்டான். இறக்கி வைக்கவில்லை.

“இத யார்ட்ட சொல்லுதீரு? எனக்கு அன்னைக்கே தெரியுமே. கார் ஸ்டாண்டுல வந்து சொல்லும். நாலு பேரு முன்னால, நான் உறிஞ்சலன்னு. வேல வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

ஆறு வருஷமாக என்னை ‘நீங்க’ என்று சொன்னவன்.

“நாளைக்கு வாரேன்,” என்றேன்.

தறிக்கூடத்திலிருந்து கார் ஸ்டாண்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. அதற்கு முன்னாலிருந்த டீக்கடை வரை பதினோரு முறை போய்த் திரும்பியிருக்கிறேன். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்ற பயம். முதலாளி இறந்த பிறகு அந்தப் பயமும் இல்லை. அப்போதும் போகவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம்தான் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். அவனுடைய பெயரைச் சொல்லி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எந்த முதலாளியிடம் ஓட்டினான் என்று சொன்னதும், ஒரு வயதான டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“யாரு, உறிஞ்சியா? அவன் செத்து நாலு வருசம் ஆச்சே.”

சுற்றிலும் நாலு பேர் இருந்தார்கள். சரியாக நாலு பேர்.

“ஆமா, அவந்தான்,” என்றேன்.